மெயிலுக்கும் நெட்டுக்கும் ஒரே ஜன்னல்

சின்னமனூர் பக்கத்தில் நான் வேலை பார்த்த வாழைக்காய் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு ‘ஒரே ஜன்னல் அக்கா’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் எங்கள் அலுவலகம் மொத்தமே ஒரு கூடம். அங்கே யார் முதுகுக்குப் பின்னால் பேசினாலும் அவர் காதில் விழுந்துவிடும். நான் கோபப்பட்டதில்லை. வாயாடி, கஞ்சம் என்றெல்லாம் பெயர் வாங்கியவர்கள் இருந்த இடத்தில் இது கௌரவமான பெயர்.

ஓய்வு பெற்ற பிறகு போன மாதம்தான் அந்தப் பக்கம் போனேன். என் நாற்காலியில் இப்போது நித்யா இருக்கிறாள். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, இப்ப எல்லாமே போன்லதான். மெயிலுக்கு ஒரு ஆப்பு, நெட்டுக்கு ஒரு ஆப்பு. நீங்க மட்டும் கடைசி நாள் வரைக்கும் அந்தப் பழைய புரோகிராமையே கட்டிக்கிட்டு அழுதீகளாமே, ஏன்க்கா?”

காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. “எழுதித் தாரேன்” என்றேன். எழுதுகிறேன்.

அந்தப் புரோகிராமைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்டில் பக்கம் பார்ப்பது, மெயில் எழுதுவது, மெயில் முகவரிகளை வைத்துக்கொள்வது எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும். ஒரு தடவை திறந்தால் போதும், எல்லாம் திரையில் ஒரே ஜன்னலுக்குள் வரும். கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு பிளக் படம் இருக்கும். அதைத் தட்டினால் பிளக் பிரிந்ததுபோலக் காட்டும். நெட்டும் நிற்கும், மெயிலும் நிற்கும். மறுபடி தட்டினால் இரண்டும் சேர்ந்து உயிர் பெறும். இந்தச் சின்னப் பிளக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

நான் இராயப்பன்பட்டிக்காரி. டைப்ரைட்டிங் படித்தேன், ஒரு நூல் மில் அலுவலகத்தில் சில வருடம் தட்டினேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் தட்டப் பழகினேன். அதற்குப் பிறகுதான் இந்த அலுவலகம். தோட்டத்தில் வெட்டிய வாழைத்தாரைக் கொண்டுவந்து, சீப்பு சீப்பாக அறுத்து, தொட்டியில் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, குளிர்ப்பெட்டி வைத்த கண்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். காயோடு போகவேண்டிய காகிதங்கள் என் வேலை.

என் மேனேஜர் பெரியகுளத்துக்காரர். மாந்தோப்பு வைத்த குடும்பம். பெயர் சௌந்தரபாண்டியன் என்றாலும் எங்களுக்கு மேனேஜர் ஐயாதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அதை நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். பின்னால் வரும் பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தாலும், “போறவன் போகட்டும்மா, ரோடு நம்ம தாத்தா வீட்டுதா?” என்பார்.

மெயில் அனுப்புவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எழுதி முடித்ததும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். யாருக்குப் போகிறது, என்ன இணைத்திருக்கிறது, கண்டெய்னர் நம்பர் என்ன, சீல் நம்பர் என்ன என்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். பக்கத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பெட்டி அடுக்குகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துவார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “கேக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தா வாசிக்கிறவ கண்ணு தெறந்துக்கும்” என்பார். அவர் சொன்னது உண்மை. கேட்பதற்கு ஆள் நிற்கும்போது எத்தனை தப்பைப் பிடித்திருக்கிறேன்.

இன்னொரு முறை இடிக்கானது. எங்கள் பள்ளத்தாக்கில் ஐப்பசி வந்தால் மத்தியானத்துக்கு மேல் மேகமலைப் பக்கம் கறுத்துவிடும். முதல் இடி கேட்டதும் வீட்டுக்கு வீடு டிவி வயரைப் பிடுங்கிப் போடுவார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு தடவை மோடம் கருகியது. அன்றிலிருந்து சட்டம்: இடி கேட்டால் முதலில் திரையில் இருக்கும் பிளக்கைத் தட்டு, அப்புறம் சுவரில் இருக்கும் வயரைப் பிடுங்கு, பிடுங்கிய வயரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் கம்பியில் தொங்கவிடு. மழை விட்டதும் வயரை மாட்டு, பிளக்கைத் தட்டு.

இந்த நேரத்தில்தான் முருகேசன் வந்து சேர்ந்தான். கெங்குவார்பட்டிப் பையன். கணக்கு எழுத வந்தவன், ஆனால் கம்ப்யூட்டர் பைத்தியம். வந்த வாரமே என் மெஷினைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“என்னக்கா இது, சோறும் கொழம்பும் பாயாசமும் ஒரே சட்டியில கலக்கி வச்சிருக்கீக?”

“தனித்தனிச் சட்டியின்னா விளக்குறது யாரு தம்பி, நீயா?”

“நெட்டுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு தனியா வச்சாத்தான்க்கா வேகம். இதுல ஒண்ணு படுத்தா எல்லாம் படுத்துரும்.”

இப்படி ஆரம்பித்த சண்டை, நான் ஓய்வு பெறும் வரை ஓயவில்லை. அவன் கட்சிக்கும் நியாயம் இருந்தது. ஒரு நாள் கப்பல் கம்பெனிப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். ஏகப்பட்ட படத்தோடு வந்த பக்கம். புரோகிராம் அப்படியே உறைந்தது. கூடவே நான் முக்கால்வாசி எழுதி வைத்திருந்த நீண்ட மெயிலும் போய்ச் சேர்ந்தது. முருகேசன் டீ வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜர் ஐயா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். “தம்பி சொல்ற மாதிரியும் கொஞ்ச நாள் வச்சுப் பாப்போம்மா” என்றார். முருகேசன் என் மெஷினில் மெயிலுக்குத் தனியாக, நெட்டுக்குத் தனியாக இரண்டு புரோகிராம் போட்டுக் கொடுத்தான். மெயில் புரோகிராமின் மூலையிலும் அதே மாதிரி ஒரு பிளக் இருந்தது. வேகமாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில்தான் பேச்சியம்மாள் அக்காவின் காய் வந்தது. சொந்தமாகத் தோட்டம் வைத்துத் தானே நின்று விவசாயம் பார்க்கிறவர். வருடக்கணக்காக உள்ளூர் வியாபாரி ஒருவருக்குத்தான் காய் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக எங்களை நம்பி வெளிநாட்டுக்குக் கொடுத்தார். வியாபாரிக்குக் கோபம். “அங்கன குடுத்துட்டு, ஆகலன்னு திரும்ப எங்கிட்ட வந்தீகன்னா உங்க தோட்டத்து வரப்பையே மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காய் கப்பல் ஏறாமல் துறைமுகத்தில் கிடந்து பழுத்தால் அக்காவுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று அக்காவும் வந்திருந்தார். தன் காய் பெட்டிக்குள் போவதைப் பார்க்க வேண்டுமாம். கண்டெய்னருக்குப் பூட்டுப் போட்டு, சீல் வைத்து, லாரி புறப்பட்டபோது கும்பிட்டார். சீல் வைத்த பிறகுதான் அந்த நம்பர் கிடைக்கும். அதை எழுதி, மேனேஜர் ஐயாவின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து தூத்துக்குடியில் இருக்கும் ஏஜென்டுக்கு அனுப்பவேண்டும். சாயங்காலத்துக்குள் அவர் அதைத் துறைமுகக் கவுன்ட்டரில் கொடுத்தால்தான் நம் பெட்டி அந்தக் கப்பலில் ஏறும்.

காகிதத்தை ஸ்கேன் செய்து முடிக்கவும் இடி இடிக்கவும் சரியாக இருந்தது. முருகேசன் ஓடிவந்து முறைப்படி மெயில் புரோகிராமில் பிளக்கைத் தட்டினான், நெட்டு புரோகிராமை நிறுத்தினான், வயரைப் பிடுங்கிக் கம்பியில் தொங்கவிட்டான். இடி ஓய்ந்ததும் வயரை மாட்டினான். நெட்டைத் திறந்தான். பக்கம் பளிச்சென்று வந்தது.

“ஐயா, நெட்டு வந்துருச்சுங்கய்யா!”

நான் உட்கார்ந்து மெயில் எழுதினேன். கையை எடுத்தேன். வாசித்தேன். பேச்சியம்மாள் அக்காதான் அன்று கேட்கிற ஆள். கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பூசை பார்க்கிறவர் மாதிரி நின்று கேட்டார். அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். எழுதிய பக்கம் மறைந்தது.

“போயிருச்சா ஆத்தா?”

“போயிருச்சுக்கா.”

போகவில்லை. மெயில் புரோகிராமின் பிளக்கை மறுபடி தட்ட முருகேசன் மறந்திருந்தான். நெட்டு தனி, மெயில் தனி. நெட்டு வந்துவிட்டதால் மெயிலும் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அந்தப் புரோகிராம் நம் மெயிலைச் சத்தமில்லாமல் வாங்கி, அனுப்ப வேண்டியவை என்ற பெட்டியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மழை பிடித்தது. எங்கேயோ மரம் விழுந்து கரன்ட் போனது. நாங்கள் வேலை முடிந்த நிம்மதியில் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம்.

மழைக்கு நடுவே ஏஜென்ட் மேனேஜர் ஐயாவின் செல்போனுக்குக் கூப்பிட்டார். காகிதம் வரவில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்றார். நம்பரை வாயால் சொன்னால் போதுமா என்று ஐயா கேட்டார். போதாது, கையெழுத்து உள்ள காகிதத்தின் படம் வேண்டும் என்றார் அவர். ஃபேக்ஸ் அனுப்பலாம் என்றால் அலுவலக போன் லைனும் செத்திருந்தது. முருகேசன் இருட்டில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

“ஐயா... மெயில்ல பிளக்கைத் தட்ட மறந்துட்டேன்யா.”

மேனேஜர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டார். “காயிதத்தை எடும்மா. உத்தமபாளையத்துல ஜெனரேட்டர் வச்ச பிரவுசிங் சென்டர் இருக்கு. ஏறுங்க ரெண்டு பேரும்.”

பேச்சியம்மாள் அக்கா வாசலில் நின்றார். யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது அவருக்கு. “எங்க யாவாரி நாயாப் பேயாப் பேரம் பேசுவான். ஆனா காயை எடுத்தா எடுத்ததுதேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

அன்றும் ஐயா நாற்பதைத் தாண்டவில்லை. முருகேசன் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு மழையில், ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியாத இடத்தில், நாங்கள் மூன்று பேரும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததற்கு அந்த நாற்பதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பிரவுசிங் சென்டர்க்காரர் நல்ல மனிதர். விளையாடிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். காகிதத்தை ஸ்கேன் செய்தோம். நான் உட்கார்ந்து மெயில் புரோகிராமைத் தேடினேன். அங்கே அப்படி ஒன்றே கிடையாது, நெட்டு மட்டும்தான். நெட்டுப் பக்கத்திலேயே மெயிலைத் திறக்கலாம் என்பது எனக்குக் கேள்வி ஞானம், அவ்வளவுதான். முருகேசன் என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தான். விறுவிறுவென்று பக்கத்தைத் திறந்தான். பாஸ்வேர்டு கேட்டது.

என்னைப் பார்த்தான். நான் ஐயாவைப் பார்த்தேன். என் புரோகிராம் எத்தனையோ வருடத்துக்கு முன்பு அதை ஒரு தடவை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. புது மெயில் புரோகிராம் போட்டபோதும் பாஸ்வேர்டை ஐயாவேதான் அடித்தார். நான் ஒரு நாளும் அதை அடித்ததில்லை. ஐயா சுற்றும்முற்றும் பார்த்தார். குனிந்து முருகேசன் காதில் ஓதினார். முருகேசன் அந்த நிலையிலும் சிரித்துவிட்டான்.

“நெசமாவாய்யா?”

“அடிடா.”

அது என்னவென்று இன்றுவரை முருகேசன் எனக்குச் சொல்லவில்லை. ஐயாவின் வீட்டு மாட்டின் பெயர் என்பது என் ஊகம்.

அவன் எழுதினான், இணைத்தான், பொத்தான்மேல் மவுசைக் கொண்டுபோனான். “கையை எடு” என்றார் ஐயா. அந்த அவசரத்திலும் கையை எடுக்கவைத்தார். நான் வாசித்தேன். சென்டர்க்காரரும் விளையாடிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். சீல் நம்பரில் ஒரு எண்ணை முருகேசன் மாற்றி அடித்திருந்தான். பதற்றத்தில் யாருக்கும் வரும். திருத்தினோம், அனுப்பினோம்.

ஐயா அத்தோடு எழுந்திருக்கவில்லை. செல்போனை எடுத்து ஏஜென்டைக் கூப்பிட்டார். “வந்துருச்சா?”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன போனைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

“வந்துருச்சு சார்.”

என் வாழ்க்கையில் எவ்வளவோ நல்ல வார்த்தை கேட்டிருக்கிறேன். பிள்ளை பிறந்தபோது நர்ஸ் சொன்னதற்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காய் கப்பல் ஏறியது. பேச்சியம்மாள் அக்காவுக்கு ஐயாவே நேரில் போய்ச் சொன்னார். அதன் பிறகும் அக்கா எங்களுக்குத்தான் காய் கொடுத்தார். “உங்க கம்ப்யூட்டரை நம்பியில்ல, அந்த மழையில போனீகள்ல, அதுக்குத்தேன்” என்பார்.

முதலாளி மதுரையிலிருந்து போன் போட்டு யார் தப்பு என்று கேட்டார். முருகேசன் அப்போது நிரந்தர வேலையில்கூட இல்லை. அவன் சுவரோடு சுவராக நின்றான். ஐயா போனில் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “புதுசா வச்சுப் பாக்கச் சொன்னவன் நானு. ஏங்கிட்டதான் கேக்கணும் நீங்க.” வைத்துவிட்டார். முருகேசனைப் பார்த்து, “ஏலே, டீ சொல்லு” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. இப்படி ஒருவரின் கீழ் வேலை பார்க்கக் கிடைத்ததற்கு நான் கடவுளுக்குத் தினமும் நன்றி சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சட்டம் ஒன்று கூடியது. “ஆளுக்கு எது பிடிக்குதோ அதை வச்சுக்கங்க. ஆனா அனுப்புனா போனைப் போட்டு வந்துருச்சான்னு கேக்கணும். வந்துருச்சுன்னு அவுக வாயால சொல்லணும்.” நான் பழைய குருடி கதவைத் திறடி என்று என் ஒரே ஜன்னலுக்குப் போய்விட்டேன். முருகேசன் தன் மெஷினில் தனித்தனியாகவே வைத்துக்கொண்டான்.

நித்யா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்று முருகேசன் குறை சொன்னான் பார், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எல்லாம் சேர்ந்து நின்றால் நின்றது நமக்குத் தெரியும். எழுந்து போய் என்னவென்று பார்ப்போம். ஒன்று ஓடி ஒன்று நின்றால்தான் முறுக்கு தின்றுகொண்டு இருப்போம். ஆனால் உத்தமபாளையத்தில் எங்களைக் காப்பாற்றியது என் புரோகிராம் இல்லை, முருகேசனின் நெட்டு. அதையும் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் ஓய்வு பெற்றபோது மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். அந்தப் பழைய புரோகிராமை அவனுக்குத் தேடத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், முருகேசன் வீட்டு வாசலில் நிற்கிறான். யாரோ நாலு பேர் இன்னமும் அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்களாம். “ஒலகத்துல உங்களை மாதிரி இன்னும் கொஞ்சப் பேரு இருக்காகக்கா” என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தான். சோறு சாப்பிடும் வரை அந்தப் புரோகிராமைத் திட்டிக்கொண்டே இருந்தான். கீழே மூலையில் அதே பிளக் இருந்தது.

மேனேஜர் ஐயா ஓய்வு பெற்றுப் பெரியகுளம் போன பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு மெயில் எழுதுவேன். அதே மெயிலை முருகேசனுக்கும் சேர்த்துத்தான் அனுப்புவேன். அவர் பதில் எழுதமாட்டார். மெயில் போன கொஞ்ச நேரத்தில் போன் வரும். “வந்துருச்சும்மா பிலோமினா” என்பார். வைத்துவிடுவார்.

போன ஆடியில் ஐயா தவறிப்போனார். முருகேசனும் நானும் பெரியகுளம் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். கிறிஸ்துமஸ் வந்தது. நான் உட்கார்ந்து எழுதினேன். யாருக்கு என்ற இடத்தில் அவர் முகவரியைத்தான் முதலில் போட்டேன், அதற்குக் கீழே முருகேசனுடையது. கையை எடுத்தேன். வாய்விட்டு வாசித்தேன். கேட்க யாரும் இல்லை. அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

போன் அடித்தது. முருகேசன்.

“அக்கா, வந்துருச்சு.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“ஐயாவுக்கும் வந்துருக்கும்க்கா” என்றான்.